கடைசிக்குத் தாய் வந்திட்டா

இஞ்சாருங்கோ,

உங்கட பேரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடாத வாய் இது. எழுத இருந்தால் கையும் அதே மாதிரித்தான் நிக்குது. அதால வீட்டில கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுறன். மற்ற ஆக்கள் வாசிச்சால் வாசிக்கட்டும். உங்களுக்கு வெக்கமெண்டால் அங்கால பாருங்கோ.

வாற கிழமை உங்கட ஆண்டுத் திவசம். வெம்பிளியில இருக்கிற உங்கட மருமகன், அக்கான்ர பெடியன், போன் எடுத்தவன். "மாமி, இணையத்தில நினைவஞ்சலி போடுவம். வசனமெல்லாம் அவையளே எழுதித் தருவினம். நீங்கள் ஒரு படம் மட்டும் அனுப்புங்கோ" எண்டான். மாதிரிக்கு ஒண்டும் அனுப்பினவன். பிறந்த திகதிக்கு மேல மலர்வு, செத்த திகதிக்கு மேல உதிர்வு. நீங்களென்ன பூவோ உதிர? மீன்தொட்டி கழுவின மணத்தோட வந்து, அந்தக் கையாலயே அப்பளத்தில கை வைச்சு என்னட்டப் பேச்சு வாங்கிற மனிசன். எனக்கு மனம் வரேல்லை. நானே எழுதிறன் எண்டு சொல்லிப்போட்டன்.

எழுத இன்னொரு காரணமும் இருக்கு. ஆஸ்பத்திரியில நீங்கள் என்னட்ட ஒரு காரியம் கேட்டனீங்கள். அது என்னாச்செண்டு உங்களுக்குச் சொல்லவேணும். லண்டன் மோர்டனில எங்கட வளர்ப்புப் பிராணிக் கடையில நாய்க்குட்டி வாங்கின சனங்களும் அதைக் கேட்டால் நல்லது எண்டுதான் இப்பிடி எல்லாருக்கும் தெரிய எழுதிறன்.

முதல் கடையின்ர புதினத்தைச் சொல்லிறன். அது இப்ப நகத்துக்கு நிறம் பூசுற கடை. குட்டியள் விளையாடின அந்தக் கண்ணாடி யன்னலுக்குள்ள சின்னச் சின்னப் போத்தல் அடுக்கியிருக்கினம். பள்ளிக்கூடச் சாப்பாட்டு வேலை முடிஞ்சு அதாலதான் நடந்து வாறனான். முந்திச் சனம் அந்த யன்னலில மூக்கை ஒட்டிக்கொண்டு நிக்கும். பிள்ளையள் கத்துங்கள், தாய்மார் இழுப்பினம், பேந்து தாய்மாரே உள்ள வருவினம். இப்ப ஒருத்தரும் மூக்கை ஒட்டிறேல்லை. ஒருநாள் நான்தான் ஒட்டிக்கொண்டு நிண்டனான். உள்ள இருந்த பெட்டை எழும்பி வந்து, நகம் செய்யப்போறியளோ எண்டு கேட்டாள். என்ர நகத்தைப் பாத்திட்டு அவளே சிரிச்சிட்டாள்.

அந்தக் குட்டியளைக் கொண்டாறவனுக்கு நீங்கள் வைச்ச பேர் நினைவிருக்கோ? ஏஜென்சிக்காரன். எங்கட சனத்தைக் களவா வெளிநாட்டுக்கு ஏத்தி அனுப்பினவைக்கும் அந்தப் பேர்தானே. விடியக்காலமை வெள்ளை வானில வருவான். பின்கதவைத் திறந்தால் பெட்டியள், பெட்டிக்குள்ள குட்டியள். குளிரிலயும் பயத்திலயும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக்கொண்டு கிடக்குங்கள். எங்கயிருந்து வருகுதுகள், ஆர் பெத்தது, ஒண்டும் தெரியாது. அவன் தாற கார்டில ஒரு பேர் இருக்கும், ஒரு ஊர் இருக்கும். "இதுகளும் எங்களைப் போலத்தான் அப்பா, ஏஜென்சியால வந்த சனம்" எண்டு நீங்கள் பகிடி விடுவியள். அகதியா வந்த எங்கட ஆக்கள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பினம். வெள்ளைக்காரருக்கு விளங்காது.

எனக்கும் சிரிப்பு வந்ததுதான். ஆனால் நீங்கள் வந்த கதை எனக்குத் தெரியுமெல்லோ. கொழும்பில லொட்ஜ் வாசல்வரைக்கும் உங்கட அம்மா, என்ர மாமி, கூட வந்தவ. அங்கத்தை ஏஜென்சிக்காரன் வானைக் கொண்டந்து நிப்பாட்டி, உங்களை மட்டும் ஏத்தினவன். "திரும்பிப் பாக்காதை. அழுதால் பொலிசுக்குச் சந்தேகம் வரும்" எண்டவன். நீங்களும் திரும்பிப் பாக்கேல்லை. இஞ்ச வந்து, விசாவுக்கு இழுபட்டு, கூப்பிடுறன் கூப்பிடுறன் எண்டு மாமிக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில மாமி கண்ணை மூடின செய்திதான் போனில வந்தது. என்ர மாமியை நான் படத்தில மட்டும்தான் கண்டிருக்கிறன். அந்தக் கதையை நீங்கள் எனக்கு ஒரே ஒருக்காத்தான் சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு பகிடி மட்டும்தான்.

அந்தப் பகிடி நிண்ட நாளும் எனக்கு நினைவிருக்கு. கவுன்சிலால ஒரு பொம்பிளை வந்தவ, நல்ல மனிசி. புதுச் சட்டம் வரப்போகுதெண்டு ஆறுதலா இருந்து விளங்கப்படுத்தினவ. இனி ஆறு மாதத்துக்குக் குறைஞ்ச நாய்க்குட்டியைக் கடையில வைச்சு விக்கேலாது. ஆர் வாங்கிறதெண்டாலும், வளர்த்தவையின்ர இடத்துக்கே நேர போய், குட்டியைத் தாயோட கண்டுதான் வாங்கவேணும். இடையில ஒருத்தரும் நிக்கக்கூடாது. மீன் விக்கலாம், குருவி விக்கலாம், சாப்பாடு விக்கலாம்.

நான் வியாபாரம் போச்செண்டு உங்கட முகத்தைப் பாத்தன். நீங்கள் என்னட்டத் திரும்பித் தமிழில, "தாயைக் காட்டவேணுமாம்" எண்டனீங்கள். பேந்து மீன்தொட்டிப் பக்கம் போனனீங்கள், போனனீங்கள்தான். அந்த மனிசியை அனுப்பிப்போட்டு வந்து பாத்தால், மீன் அள்ளுற வலையைக் கையில பிடிச்சுக்கொண்டு அழுதுகொண்டு நிக்கிறியள். என்னப்பா, என்னப்பா எண்டு நான் பதறிறன். "இதுக்கொரு சட்டம் வந்திட்டுது பாரும்" எண்டனீங்கள்.

எனக்கு விளங்கினது. ஒரு நாய்க்குட்டிக்குத் தாய் பக்கத்தில நிக்கவேணும் எண்டு ஒரு நாட்டுச் சட்டம் சொல்லுது. உங்களுக்கும் தாய் வேணுமெண்டு ஆர் சொன்னது?

அந்த நேரம் கடையில ஒரே ஒரு குட்டிதான் மிச்சம். மண்ணிறமும் வெள்ளையுமா ஒரு ஸ்பானியல். ஒரு கண்ணில வெள்ளை படர்ந்திருந்ததால ஒருத்தரும் வாங்கேல்லை. சட்டம் வந்த நேரம் கொரோனாவும் வந்து தெருவே வெறிச்சோடிப் போச்சு. ஏஜென்சிக்காரன் குட்டியைத் திருப்பித் தரச்சொன்னான். நீங்கள் மாட்டனெண்டிட்டு, மீன்தீன் பெட்டி ஒண்டுக்குள்ள வைச்சு நடந்தே வீட்டுக்குக் கொண்டந்தனீங்கள். குசினிக்குள்ள இறக்கிவிட்டு, "இதுதான் கடைசி. இனி இல்லை" எண்டனீங்கள். அதுவே அதுக்குப் பேராப் போச்சு. கடைசி. என்னைக் காட்டி "அம்மாட்டப் போ" எண்டனீங்கள். அது ஓடிவந்து என்ர செருப்பைக் கடிச்சது. கோதாரி, புதுச் செருப்பு.

அந்தப் பேரால வந்த கூத்தை மறப்பனே? ரொறன்ரோவில இருக்கிற உங்கட சித்தப்பா ஒருநாள் போனில நிக்கேக்க, நீங்கள் "பொறுங்கோ சித்தப்பா, கடைசிக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்" எண்டு போயிட்டியள். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. மனிசன் எங்களுக்காக எத்தினை கோயிலில நேர்த்தி வைச்சவர். வீட்டில கடைசி எண்டால் கடைசிப் பிள்ளைதானே? காதும் மந்தம். நீங்கள் திரும்பி வரேக்க அவர் போனில விக்கி விக்கி அழுகிறார். "எட, ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நான் வைச்ச நேர்த்தி வீண்போகேல்லை" எண்டார். அம்பது தாண்டின நான் பக்கத்தில நிண்டு வாயைப் பொத்திறன். நீங்கள் என்னை முழிச்சுப் பாக்கிறியள். நீர் சொல்லும், நீங்கள் சொல்லுங்கோ எண்டு கையால சண்டை பிடிச்சது தவிர, ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு மாதத்தால பாசலில பட்டுப் பாவாடை சட்டை வந்தது. நீலப்பட்டு, சரிகைக் கரை. கடைசி இண்டைக்கும் அதுக்கு மேலதான் படுக்கிறது.

கொரோனாவோட சனமெல்லாம் நாய் வேணும் நாய் வேணுமெண்டு அந்தரப்பட்டது. அப்ப ஏஜென்சிக்காரன் திரும்பவும் போன் எடுத்தான். கடை வேண்டாம், உன்ர வீட்டில வைச்சு வில், தாயைக் காட்டச் சொல்லிக் கேட்டால் நான் ஒரு பெட்டை நாயும் கொண்டந்து விடுறன், பக்கத்தில படுத்துக் கிடந்தாச் சரி எண்டான். நீங்கள் ஆங்கிலத்தில கொஞ்சம், யாழ்ப்பாணத்தில கனக்க, அவனுக்குக் குடுத்த கிழி அயலட்டைக்கே கேட்டிருக்கும். போனை வைச்சிட்டு என்னட்ட, "தலைமாத்திப் பாஸ்போட் கண்டனான், நானே அதிலதான் வந்தனான். தலைமாத்தித் தாயை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" எண்டனீங்கள். வேற ஆற்றையோ பாஸ்போட்டில எங்கட படத்தை ஒட்டுற மாதிரி, வேற ஆற்றையோ குட்டிக்குப் பக்கத்தில ஒரு நாயைப் படுக்க வைக்கிறது. அண்டைக்கு நீங்கள் சாப்பிடேல்லை.

பேந்து உங்களுக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தது. அதை நான் எழுதேல்லை. உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில அண்டைக்கு மழை. நான் கஞ்சி கொண்டந்தனான். நீங்கள் கண்ணைத் திறந்து, "கடைசியின்ர தாய் எங்க நிக்குதோ தெரியாது. ஒருக்காத் தேடிப் பாரும். இருந்தால், கடைசியைக் கொண்டுபோய்க் காட்டும்" எண்டனீங்கள். மருந்து கதைக்குதெண்டு நினைச்சு, ஓம் ஓம் எண்டு கஞ்சியைக் கரண்டியால தீத்தினன். அடுத்த நாளும் கேட்டனீங்கள். முகம் தெளிவா இருந்தது. "தேடுவீரே?" எண்டு என்ர கையைப் பிடிச்சனீங்கள். தேடுவன் எண்டனான்.

தேடினன் அப்பா. செத்தவீடு முடிஞ்சு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு, வந்த சனம் எல்லாம் போன பிறகு, முதல் வேலையா அதைத்தான் செய்தனான். நாய் டொக்டரிட்டக் கடைசியைக் கொண்டுபோனன். கழுத்துத் தோலுக்குள்ள இருக்கிற, வளர்த்தவையின்ர விபரம் பதிஞ்ச சிப்பைப் பாத்தினம். அதில இருந்த போன் நம்பர் வேலை செய்யேல்லை. பேரும் பொய், இடமும் பொய். கடைசியும் தலைமாத்தித்தான் வந்திருக்கு. கார் நிறுத்துற இடத்தில அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, உங்களைத்தான் திட்டினன். சாகப்போற மனிசன் கேக்கிற கேள்வியே இது? ஒரு சேலை வாங்கிக் கட்டும், ஒருக்கா ஊருக்குப் போட்டு வாரும், இப்பிடி ஒண்டைக் கேட்டால் என்ன?

அங்க வேலை செய்யிற பெட்டை ஒருத்தி என்ர கோலத்தைப் பாத்து வெளியால வந்தவள். காரணத்தைச் சொன்னன். அவள் சிரிக்கேல்லை. இப்பிடிக் குட்டி போடுறதுக்கெண்டே கொட்டிலுக்குள்ள அடைச்சு வைச்ச தாய்நாயளைப் பிடிச்சு, மீட்டு வளர்க்கிற இடங்கள் இருக்கு, இந்தத் தாய் கிடைக்காது, ஆனால் ஏதோ ஒரு தாய் கிடைக்கும் எண்டவள்.

ஏதோ ஒரு தாய். அந்தச் சொல் என்னைச் சுட்டுப்போட்டுது. நீங்கள் சாப்பிடாமல் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது. நானும் கடைசிக்குப் பக்கத்தில ஒரு தலைமாத்தித் தாயைப் படுக்க வைக்கப்போறனோ? கனநாள் யோசிச்சன். உங்கட படத்துக்கு முன்னால நிண்டு கேட்டும் பாத்தன். நீங்கள் அந்தக் கண்டறியாத சிரிப்பைத்தான் சிரிச்சியள்.

பேந்து இப்பிடி நினைச்சன். அவன் கொண்டாறனெண்ட நாய், வாங்க வாறவையை ஏமாத்த. நான் ஆரை ஏமாத்தப் போறன்? விக்க ஒண்டும் இல்லை. பிள்ளையளைப் பறிகுடுத்த தாய் ஒண்டு, தாயைக் காணாத பிள்ளை ஒண்டு. ஒரு வீட்டில இருக்கட்டுமன்.

மருமகன்தான் அப்பிடி மீட்டு வளர்க்கிற ஒரு இடத்துக்குக் காரில கூட்டிக்கொண்டு போனவன், லண்டனுக்கு வெளியால. வழி முழுக்க "மாமி, உங்களுக்கு விசரோ? ஒண்டையே பாக்க ஆளில்லை" எண்டு புறுபுறுத்தான். அங்க போய் ஒரு தாய்நாயைக் கண்ட உடன வாயை மூடினான். சுவரைப் பாத்துக்கொண்டு மூலைக்குள்ள நிண்டது. கடைசியின்ர அதே மண்ணிறம், அதே வெள்ளை. வயிறு தொங்கி, மடியெல்லாம் இழுபட்டு, பல்லும் பாதி இல்லை. அதுக்குப் பேரே இருக்கேல்லையாம். அங்க நிக்கிற பிள்ளையள்தான் மேபல் எண்டு வைச்சவையாம். எத்தினை ஈத்து ஈண்டதெண்டு தெரியாது, ஒரு குட்டியும் எங்க நிக்குதெண்டு தெரியாது எண்டு சொல்லிச்சினம். இது கடைசியின்ர தாயா இருக்குமோ எண்டு நான் வெக்கத்தை விட்டுக் கேட்டன். "சொல்லேலாது" எண்டா அங்க இருந்த மனிசி. ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.

வீட்டில வேற நாய் இருந்தால்தான் தருவினமாம். இதுக்கு ஒண்டும் தெரியாது, மற்றதைப் பாத்துத்தான் பழகுமாம். வீட்டுக்கு வந்து வேலி, வாசல், கடைசி எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் தந்தவை. பொம்பிளை பாக்க வந்த ஆக்கள் மாதிரி நான் பயற்றம் பணியாரமும் தேத்தண்ணியும் குடுத்தன். பணியாரம் ரெண்டாம்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவை.

மேபலுக்குப் புல்லிலயும் பயம். படி ஏறத் தெரியாது. கதவு திறந்து கிடந்தாலும் ஆராவது வெளியால விடும்வரை நிக்கும். முதல் நாள் கடைசி உறுமினது. நான் பேசினன். அடுத்த நாளும் உறுமினது. பேந்து ஒருநாள் பாத்தால், கடைசி படியில ஏறிக் காட்டுது, இறங்கி வந்து மேபலைப் பாக்குது, திரும்ப ஏறுது. மேபல் முன்காலைத் தூக்கி வைக்குது, எடுக்குது. இஞ்ச எங்கட பிள்ளையள் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டயும் கவுன்சிலிலயும் கதைச்சுக் குடுக்குங்களே, அப்பிடித்தான் கிடந்தது. தெருவில நடக்கேக்கயும் கடைசிதான் முன்னுக்கு. மேபல் அதின்ர வாலைப் பாத்துக்கொண்டு பின்னால.

நான் சொல்ல வந்தது இதுதான். போன மாதம் ஒரு பின்னேரம், நான் நிலத்தில இருந்து கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தனான். மேபல் ஹீற்றருக்குப் பக்கத்தில நிண்டது. கடைசி எழும்பிப் போய், இத்தினை வயசு நாய், குனிஞ்சு, அதின்ர வயித்துக்குக் கீழ தலையைக் குடுத்தது. குட்டி மாதிரி. மேபல் நடுங்கினது. கடிக்கப்போகுதெண்டு நான் எழும்பிட்டன். அது மெல்லச் சரிஞ்சு, அந்தப் பட்டுப் பாவாடைக்கு மேல படுத்துது. படுத்து, கடைசியின்ர வெள்ளை படர்ந்த கண்ணை நக்கினது. நக்கினது, நக்கினது, விடேல்லை. கடைசி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. நான் கத்தி அழுதிட்டன். வெங்காயமெண்டாலும் சாட்டுச் சொல்லலாம், கீரைக்கு என்ன சொல்லிறது?

அப்ப நீங்கள் பக்கத்தில இல்லாதது எனக்குப் பெரிய கோபம். இண்டைக்கும் கோபம்தான். இதைப் பாக்கவேண்டியது நானில்லை, நீங்கள்.

ஒரு கெட்ட செய்தியும் இருக்கு. மேபலுக்கு இதயம் சரியில்லையாம். மருந்து குடுக்கிறன், கனகாலம் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியால வர, ரெண்டும் வாசலில ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்குதுகள். இதுகளுக்கு என்ன தெரியும்? இல்லை, எல்லாம் தெரியுமோ?

நேற்று ரொறன்ரோச் சித்தப்பா போன் எடுத்தவர். திவசத்துக்கு வரேலாதெண்டு கவலைப்பட்டார். குரல் நல்லா மெலிஞ்சு போச்சு. பேந்து கேட்டார்: "பிள்ளை, கடைசி எப்பிடி? தேப்பனைத் தேடுதோ?"

இந்தமுறை உண்மையைச் சொல்லுவமெண்டுதான் வாயைத் திறந்தனான். ஆனால் அவர் கேட்டதுக்கு உண்மையான மறுமொழியே என்னட்ட இருந்தது.

"தேடுது சித்தப்பா. வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தது. இப்ப தாயோட நிக்குது."

"தாய் பக்கத்தில எண்டால் காணும் பிள்ளை" எண்டார். "அது காணும்."

நான் போனை வைக்கேல்லை. அவரும் வைக்கேல்லை.

இஞ்சாருங்கோ, ஒரு வாக்குத் தாறன். மேபல் போற நாளில கடைசியை வேற அறைக்குள்ள பூட்டமாட்டன். பக்கத்திலயே இருத்துவன். மணக்கட்டும், நக்கட்டும், வேண்டியமட்டும் பாக்கட்டும். திரும்பிப் பாக்காதை எண்டு இந்த வீட்டில ஒருத்தரும் அதுக்குச் சொல்லமாட்டினம். நீங்கள் அங்க மாமியைக் கண்டிருந்தால், நீங்களும் நல்லாப் பாருங்கோ. நான் வாறவரைக்கும் பாருங்கோ.

உங்கட மனிசி,
இப்ப கடைசிக்குச் சின்னம்மா